மேனேஜருக்கு ‘ஹீ’ போடலாமா?

எங்கள் கூடத்தில் பதினோரு பேர் உட்கார்ந்து பல் செய்கிறோம். வெளிநாட்டு டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்துப் பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். கீழ்த்தளத்து பிளாஸ்டர் அறையில் அந்த அச்சுக்குள் மாவைக் கரைத்து ஊற்றி, காய்ந்ததும் உடைத்தெடுத்து, ஓரம் தேய்த்து, ஈறு மாதிரி ஒன்றை மேலே அனுப்புவார்கள். அதன்மேல் மெழுகு வைத்துப் பற்களை வரிசையாக அடுக்குவது என் வேலை. பதினான்கு வருஷமாக அடுக்குகிறேன். என் சொந்த வாயில் மட்டும் இடது பக்கக் கோரைப்பல் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால் கூடத்தில் என் பெயர் கோரை. வைத்தவர் பாலிஷ் அண்ணன். முடிந்த பல் செட்டை மோட்டார் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்குகிறவர். சக்கரமாவது மின்சாரம் போனால் நிற்கும், அவர் வாய் நிற்காது.

ஒரு திங்கட்கிழமை காலை மேனேஜர் எங்களை மெழுகு மேசையைச் சுற்றி நிற்க வைத்துவிட்டுத் தன் போனைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

“இனிமே நாம எல்லாரும் இங்கிலீஷ் பேசப் போறோம். கிளாஸ் கிடையாது, வாத்தியார் கிடையாது. உங்க தப்பை அவர் சொல்வார், அவர் தப்பை நீங்க சொல்வீங்க. இலக்கணம் தானா வந்துடும். அதுக்குத்தான் இந்த ஆப்.”

“ஆப்பா? யாருக்கு சார் ஆப்பு?” என்றார் பாலிஷ் அண்ணன்.

எல்லோரும் சிரித்தோம். மேனேஜரும் சிரித்தார். அவர் சிரித்தபோதே நாங்கள் உஷாராகியிருக்க வேண்டும்.

“போன வாரம் ஒரு டாக்டர் லைன்ல இருக்காங்க. நம்ம ஆளு ஒருத்தர் போனை எடுத்து ‘வெயிட், வெயிட்’னு சொல்லி மேசை மேல வச்சுட்டு சாப்பிடப் போயிட்டார். இருபது நிமிஷம் அவங்க நம்ம மோட்டார் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. இனிமே அது நடக்கக் கூடாது.”

அந்த ஆள் நான்தான். தெரிந்த எல்லோரும் நல்ல மனசோடு வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஆப்பின் சட்டம் சுலபமானது. தினமும் காலையில் ஒரு தலைப்பு வரும். அதைப் பற்றி ஒரு நிமிஷம் போனில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் காதில் மாட்டிக் கேட்பார்கள். பேசியது எழுத்தாகத் திரையில் ஓடும். தப்பான சொல் வந்தால் அதன்மேல் விரலால் தொட்டு, ஏன் தப்பு என்று எழுத வேண்டும். ஒரே சொல்லை மூன்று பேர் தொட்டால் அது சிவப்பாகிவிடும். பேசினவருக்கு ஒரு மார்க் போகும், தொட்ட மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று வரும். முதல் ஆள் எழுதிய காரணமே மற்ற இரண்டு பேருக்கும் போதும்.

“மூணு பேர் சொன்னா அது தப்புதான்” என்றார் மேனேஜர்.

“மூணு பேருக்கும் தெரியலேன்னா சார்?” என்று கேட்டார் டீச்சர்.

“அது எப்படிம்மா, மூணு பேருக்குமா தெரியாமப் போகும்?”

டீச்சர் எங்கள் பத்துப் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

டீச்சர் என்பது எங்கள் கூடத்துப் பெயர்தான். ஒரு காலத்தில் நிஜமாகவே அதுதான் தொழில். ஒன்பது வருஷம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடம் மூடிவிட்டது, இங்கே வந்துவிட்டார். டாக்டர்கள் அனுப்பும் கடிதங்களைப் படித்து, எந்தப் பல், என்ன நிறம், எவ்வளவு உயரம் என்று தமிழில் சீட்டு எழுதித் தட்டில் ஒட்டுவது அவர் வேலை. மீதி நேரத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கடைவாய்ப் பல் அடுக்குவார். அவர் மேசை இழுப்பறையில், செயற்கைப் பற்கள் வரிசையாக ஒட்டி வரும் பல் அட்டைகளுக்கு நடுவில் ஒரு இன்ஹேலர் இருக்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. லிஃப்ட் ஓடாமல் படி ஏறி வந்த நாட்களில் இன்னொரு தடவை. என்னைப் போய் ‘சார்’ என்று கூப்பிடுகிற ஒரே ஜீவன் அந்தக் கட்டடத்தில் அவர்தான்.

கடைசியாக மேனேஜர் ஒரு விஷயம் சொன்னார். பிளாஸ்டர் அறையில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். மாதக் கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் மார்க்கில் கடைசியோ அவர் கீழே போக வேண்டும்.

“கீழே போன் வராது. பிளாஸ்டருக்கு இலக்கணம் தேவையில்லை” என்றார்.

பிளாஸ்டர் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜன்னல் கிடையாது. தூசியை உறிஞ்சும் மின்விசிறி ‘அடுத்த வாரம்’ ரிப்பேர் ஆகப்போகிறது, இரண்டு வருஷமாக. அங்கே வேலை செய்கிறவர் மதியம் வெளியே வந்தால் புருவம் வெளுத்து எண்பது வயதுக்காரர் மாதிரி இருப்பார், முகம் கழுவினால்தான் முப்பது தெரியும். கீழே போன யாரும் இதுவரை மேலே வந்ததில்லை. டீச்சருடைய நெஞ்சு அந்த அறையில் ஒரு வாரம் தாங்காது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் இங்கிலீஷ் பரீட்சையில் டீச்சர் கடைசியில் வருவார் என்று யார் நினைப்பார்கள்?

முதல் வாரம் ரொம்ப அன்யோன்யமாகப் போனது. யார் என்ன உளறினாலும் ‘சூப்பர்’, ‘வெரி நைஸ்’, ‘கீப் இட் அப்’. ஒருவர் இருமியதற்கே நாலு பேர் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். வாரக் கடைசியில் ஆப் ஒரு அறிக்கை அனுப்பியது, இந்த நிறுவனத்தில் இலக்கணப் பிழை பூஜ்யம் என்று. மேனேஜர் அதை அச்செடுத்து வந்து மேசையில் அடித்தார். இனி ஒவ்வொருவரும் தினமும் பத்துத் தப்பாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு மார்க் போகும்.

அவ்வளவுதான், அன்யோன்யம் காற்றில் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தப்பு வேட்டையில் இறங்கினோம். தப்பு கிடைக்காத இடத்தில் தப்பு செய்துகொண்டோம். இங்கிலீஷில் ‘த’ என்ற குட்டிச் சொல் எங்கே வர வேண்டும் என்று பத்துப் பேருக்குத் தெரியாது. பாலிஷ் அண்ணன் ஒரு கொள்கை வகுத்தார்.

“‘த’ போட்டா தப்பே இல்லை. போடலைன்னாதான் தப்பு.”

மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள், சட்டமாகிவிட்டது. அன்றிலிருந்து நாங்கள் ‘த ஹோம்’ போனோம், ‘த டீ’ குடித்தோம், ‘த டுமாரோ’ வந்து சேர்ந்தோம். ‘ஐ கோ ஹோம்’ என்று சொன்ன டீச்சருக்கு ஒரு மார்க் போனது. அவர் ஒவ்வொரு சிவப்புக்கும் கீழே பொறுமையாக விளக்கம் எழுதினார். விளக்கத்துக்கு மார்க் கிடையாது என்பதால் யாரும் படிக்கவில்லை.

நான் படித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். என் பேச்சை ஒழுங்காகக் கேட்டுத் திருத்தியவர் அவர் ஒருவர்தான். ‘எஸ்டர்டே ஐ கோ’ என்று நான் சொன்னதற்கு, “நேற்று என்று சொல்லிவிட்டீர்கள் சார். நாள் போய்விட்டதால் ‘கோ’வும் போய்விட்டது. இனி ‘வென்ட்’தான்” என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, மறக்கவும் இல்லை. வேலைக்கு நடுவிலும் மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிக்கொண்டே சந்தேகம் கேட்பேன், கடைவாய்ப் பல்லைத் திருகிக்கொண்டே பதில் சொல்வார். மூன்றாவது வாரம் ஒரு டாக்டரிடம் போனில் இரண்டு முழு வாக்கியம் பேசிவிட்டேன். டீச்சர் மேசைக்குக் கீழே சத்தம் வராமல் கைதட்டினார்.

மார்க் மட்டும் ஏறவில்லை. நான் சரியாகப் பேசத் தொடங்கியதால் மற்றவர்கள் கண்ணுக்குத் தப்பாகப் பேசினேன். மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது நான்தான் கடைசி. எனக்கு மேலே பாலிஷ் அண்ணன். அவருக்கு மேலே, நம்ப மாட்டீர்கள், டீச்சர்.

அந்த வாரம் வந்த தலைப்பு ‘என் தகப்பனார்’. பாலிஷ் அண்ணன் உருகி உருகிப் பேசியிருந்தார். ‘மை ஃபாதர், தே ஆர் வெரி குட். தே டைடு பிஃபோர் டென் இயர்ஸ்.’ அப்பாவை மரியாதையாக ‘அவங்க’ என்று சொல்லியே பழகிய மனுஷன், ‘அவங்க’ என்றால் ‘தே’ என்று போட்டுவிட்டார். டீச்சர் அதைத் தொட்டு, “ஒரே ஒருவர் என்றால் ‘ஹீ’. ‘தே’ என்றால் பல பேர்” என்று எழுதினார்.

அதில் தப்பே இல்லை. ஆனால் ‘ஹீ’ என்றால் ‘அவன்’ என்றுதான் எங்கள் பத்துப் பேரின் மூளையிலும் பதிந்திருந்தது. பாலிஷ் அண்ணன் சக்கரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

“செத்துப்போன எங்க அப்பாவை அவன் இவன்னு பேசச் சொல்றீங்களா? அதுவும் பல பேர்னு வேற எழுதியிருக்கீங்க. எங்கம்மாவைப் பத்தி என்ன நினைச்சீங்க?”

“ஐயோ சார், இங்கிலீஷ்ல ‘ஹீ’தான் அவன், ‘ஹீ’தான் அவர். ராஜாவானாலும் ‘ஹீ’தான்.”

“உங்க ராஜாவை என்ன வேணா சொல்லிக்குங்க. எங்க அப்பாவை விட்டுடுங்க.”

அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை. அவருடைய துக்கத்தில் பொய் இல்லை, அதனால்தான் அது இலக்கணத்தை விடப் பெரிதாக இருந்தது. கூடம் முழுக்க அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

அடுத்த தலைப்பை மேனேஜரே கொடுத்தார். ‘என் மேனேஜர்’. மற்றவர்கள் பேசியதை நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை, பல் இளித்துப் பிழைக்கிற கூட்டம் நாங்கள், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். டீச்சர் உள்ளதைப் பேசியிருந்தார். ஒன்பது மணிக்கு வருவார், ஒவ்வொரு தட்டையும் பார்ப்பார், எந்தப் பல்லையும் நம்பர் சொல்லி அடையாளம் காட்டுவார், கோபம் வந்தால் கண்ணாடியைத் துடைப்பார். நல்ல பேச்சு. அதில் ‘ஹீ’ ஏழு தடவை வந்தது.

ஏழையும் பாலிஷ் அண்ணன் தொட்டார். ‘மேனேஜருக்கு மரியாதை இல்லை. தே’ என்று காரணம் எழுதினார். செட்டுக்கு ஈறு மாவு அரைத்துக் கொடுக்கும் மாவு அரவைக்காரரும் ஏழையும் தொட்டார். அத்தோடு நின்றது. மூன்றாவது விரல் வேண்டும்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ‘ஹீ’ சரி என்று எனக்குத் தெரியும். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவரே பக்கத்தில் உட்கார்ந்து பல் அடுக்கிக்கொண்டிருக்கிறார். ஏழு மார்க். ஒரு நிமிஷ வேலை. கடைசியிலிருந்து மேலே போய்விடலாம். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசைதான், சொன்னால் இந்தக் கதையில் ஒரே பொய் அதுவாக இருக்கும். ஏழையும் தொட்டேன். திரை சிவந்தது. டீச்சர் கடைசிக்கு இறங்கினார், நான் ஒரு படி மேலே ஏறினேன்.

யார் தொட்டார்கள் என்பதை ஆப் மறைப்பதில்லை. டீச்சர் போனை எடுத்துப் பார்த்தார். கீழே வைத்தார். இழுப்பறையைத் திறந்து பல் அட்டையை எடுத்தார்.

“சார், இந்த அட்டையில ரெண்டு பல் குறையுது. உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்டார்.

கொடுத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். சாப்பிடும்போது, என் விரலை மட்டும் விட்டுவிட்டு, நடந்ததைச் சொன்னேன்.

“அது சரி, போன வாரம் என்னைப் பத்திப் பேசினீங்களே, எனக்கு என்ன போட்டீங்க?”

“ஷீ.”

“அதை யாரும் தப்புன்னு தொடலையா?”

“இல்லையே.”

“உங்க மேனேஜருக்கு ‘தே’. பதினாறு வருஷமா உங்களுக்குப் பொங்கிப் போடறவளுக்கு ‘ஷீ’. பத்துப் பேர்ல ஒருத்தருக்குக்கூட மரியாதை குறையுதுன்னு தோணலை பாருங்க” என்று தட்டை நகர்த்தினாள். பிறகு குரல் மாறியது. “ஏங்க, அந்த டீச்சர் எங்க கடையிலதான் மருந்து வாங்கறாங்க. முன்னே மாசத்துக்கு ஒண்ணு, இப்ப மூணு வாரத்துக்கே வந்துடறாங்க. அவங்களைப் போய் அந்தத் தூசிக்குள்ள தள்ளுவாங்களா? யாருங்க அந்த மூணாவது ஆளு?”

“யாரோ” என்றேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள்.

மாதக் கடைசிக்கு முதல் நாள் மேனேஜர் டீச்சரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். என்னையும் கூப்பிட்டார், ஆனால் வேறு விஷயத்துக்கு. நான் அடுக்கிய செட் ஒன்று சரியில்லை என்று வெளிநாட்டு டாக்டரம்மா போன் செய்யப் போகிறார். நான் பிளாஸ்டர் வாயைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

“ஏம்மா பிடிவாதம் பிடிக்கறீங்க?” என்றார் மேனேஜர். கெட்ட மனுஷன் இல்லை, நிஜமாகவே கெஞ்சினார். “அந்தப் பேச்சை மறுபடி ஒரு தரம் பேசி ‘தே’ன்னு போட்டுட்டா ஏழு மார்க்கும் திரும்ப வந்துடும். ஆப்லயே வசதி இருக்கு. உங்க உடம்புக்குக் கீழே ஒத்துக்காதுன்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா என்னை மேலேயே விட்டுடலாமே சார்.”

“ரூல் போட்டது நான். நானே மீறினா என்னை யார் மதிப்பாங்க? அதுவும் எனக்கு மரியாதை வேண்டாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்.”

“ஒன்பது வருஷம் பசங்களுக்கு இதுதான் சார் சொல்லிக் கொடுத்தேன். தப்புன்னு தெரிஞ்சு எப்படி சார் பேசறது? வாய் வரலை.”

அப்போது போன் அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரில் போட்டார். டாக்டரம்மா கணீரென்று பேசினார். ‘மை பேஷன்ட் கால்ட் மீ. தே ஆர் நாட் ஹேப்பி வித் த பைட்.’ கடி சரியாக விழவில்லை, நோயாளிக்குத் திருப்தி இல்லை, ஒரு பக்கம் உயரமாக இருக்கிறது. டீச்சர் குறித்துக்கொண்டு பதில் சொன்னார். போனை வைத்ததும் மேனேஜர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

“கேட்டீங்களா? பேஷன்ட் ஒருத்தர்தானே? ‘தே’ங்கறாங்க! இங்கிலீஷே தாய்மொழியா இருக்கிறவங்க, பல்லில்லாத ஒரு நோயாளிக்கு ‘தே’ போடறாங்க. எனக்குப் போட்டா குறைஞ்சு போயிடுமா?”

“சார், அது வேற. ஆணா பொண்ணான்னு சொல்ல வேண்டாம்னா ‘தே’ போடறது உண்டு. மரியாதைக்கு இல்லை.”

“ஆணா பொண்ணான்னு தெரியாமலா அந்தம்மா வாய்க்குள்ள கையை விட்டாங்க? சரி, அவங்களுக்கு ஏதோ சந்தேகம். என் விஷயத்துல உங்களுக்கு என்ன சந்தேகம்?”

“சந்தேகம் இல்லாததாலதான் சார் ‘ஹீ’.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

“கோரை, நீ சொல்லு. டாக்டர்கிட்ட போன்லயே பேசறியாமே. ‘ஹீ’யா, ‘தே’யா?”

டீச்சரும் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. பரீட்சை ஹாலில், விடை தெரிந்த பையன் எழுதப் போகிறான் என்று காத்திருக்கிற டீச்சர் முகம் அது. பூசி மெழுகுவதில் எனக்குப் பதினான்கு வருஷ அனுபவம்.

“‘ஹீ’யும் சொல்லலாம்தான் சார்... ஆனா ‘தே’ன்னா ஒரு மரியாதையா இருக்கு.”

“அப்படிச் சொல்லு” என்றார் மேனேஜர்.

மறுநாள் கடைசி நாள். தொட்ட சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆப்பில் ஒரு பொத்தான் உண்டு, ஐந்து மணி வரை. நான் எடுத்தால் ஏழும் வெளுத்துவிடும், டீச்சர் மேலே வருவார், நான் கடைசிக்குப் போவேன். என் நெஞ்சு நல்ல நெஞ்சு. பிளாஸ்டர் அறைக்குப் போனால் தும்முவேன், புருவம் வெளுக்கும், அவ்வளவுதான், சாக மாட்டேன். நாலு மணி நாற்பதுக்கு அந்தப் பொத்தானை அழுத்தினேன். ஆப் ஒரு கேள்வி கேட்டது. ‘மேனேஜரை “ஹீ” என்று சொல்வது சரியே எனக் கோரை கருதுகிறார். இது எல்லோருக்கும் காட்டப்படும். சம்மதமா?’

எல்லோருக்கும் என்றால் மேனேஜருக்கும். நேற்று அவர் அறையில் சொன்னதற்கு நேர் எதிராக. கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. பக்கத்தில் டீச்சர் இழுப்பறையைத் திறந்து, இன்ஹேலரை உறிஞ்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டும் நான் போனைப் பையில் போட்டேன், கை கழுவப் போனேன், மெழுகு ஒட்டாத விரல்களையும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். திரும்பி வந்தபோது ஐந்து அடித்து இரண்டு நிமிஷம்.

முதல் தேதி காலை டீச்சர் வழக்கம்போல் மேலே வந்தார். இழுப்பறையைக் காலி செய்தார். கீழே போகிறவர்களுக்கு ஆப் தேவையில்லை என்பதால் அவர் கணக்கு அன்று மூடப்படும், ஆனால் காலைப் பதிவு பாக்கி இருந்தது. தலைப்பு ‘என் சக ஊழியர்’. ஜன்னலோரம் நின்று ஒரு நிமிஷம் பேசினார். என் மேசைக்கு வந்து, “வரேன் சார்” என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கிப் போனார்.

அவர் போன அன்றே டாக்டர் கடிதத்தைப் படிக்க ஆளில்லை. மேல் பல் செட்டா, கீழ் பல் செட்டா என்று ஆப்பில் ஓட்டெடுப்பு நடத்தினோம். மேல் பல் ஏழுக்கு மூன்று என்று ஜெயித்தது. டாக்டர் கேட்டது கீழ் பல் என்று பிறகு தெரிந்தது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு டீச்சரின் கடைசிப் பேச்சைக் கேட்டேன். என்னைப் பற்றிப் பேசியிருந்தார். ‘மை கலீக் சிட்ஸ் நெக்ஸ்ட் டு மீ. ஹீ செட்ஸ் டீத் இன் வாக்ஸ். ஹீ மேட் மெனி மிஸ்டேக்ஸ். ஹீ லிஸன்ட் டு மீ. நவ் ஹீ நோஸ் வாட் இஸ் கரெக்ட்.’ பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனாம், தப்பு நிறையச் செய்தேனாம், காது கொடுத்துக் கேட்டேனாம், எது சரி என்று இப்போது எனக்குத் தெரியுமாம். குரலில் ஒரு குத்தல் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது.

நாலு ‘ஹீ’. நான் காத்திருந்தேன். ஆளுக்குப் பத்துத் தப்பு கண்டுபிடித்தாக வேண்டும், எல்லோரும் அலைந்துகொண்டிருக்கிறார்கள், நாலு ‘ஹீ’ சும்மா கிடக்கிறது. மரியாதை இல்லை, ‘தே’ என்று யாராவது தொடுவார்கள் என்று ஒவ்வொரு பல் வைத்து முடிக்கும்போதும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணி. பாலிஷ் அண்ணன் கேட்டுவிட்டார், தொடவில்லை. மாவு அரவைக்காரர் கேட்டுவிட்டார், தொடவில்லை. ஒன்பது பேரும் கேட்டு முடித்துவிட்டார்கள். ஒரு சொல்கூடச் சிவக்கவில்லை. பத்துத் தப்புச் சட்டம் வந்த நாளிலிருந்து ஒரு பிழையும் இல்லாத முதல் பேச்சு என்று மேனேஜர் அதை அச்செடுத்துப் பலகையில் ஒட்டினார்.

டீச்சருடைய இலக்கணப்படி அந்த ‘ஹீ’க்கு ‘அவர்’ என்று அர்த்தம். எங்கள் கூடத்து இலக்கணப்படி ‘அவன்’. எங்கள் இலக்கணமும் சரிதான் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்குத் தோன்றியது.